கைகளை மட்டும் காட்டும் இயக்குநர்

விவாகரத்துக்கு முன் தம்பதியின் வீட்டுக் கேமராவில் பதிவான சண்டையை அனிமே என்னும் ஜப்பானிய பாணி அசைபடமாக்கிப் போட்டுக்காட்டுவது அந்த நீதிமன்றத்தின் வழக்கம். தாரிணி தேர்ந்தெடுத்த இயக்குநர், கோபக் காட்சியில் வசனத்தை வெட்டிவிட்டுக் கைகளை மட்டும் காட்டுபவர்.

சாப்பாட்டு மேசையில் தான் கத்திய கத்தலை நினைத்து அவள் கணவன் குமணன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

திரையில் சத்தமே இல்லை. கத்திக்கொண்டிருந்த நேரத்திலேயே அவன் கை, கொதிக்கும் ரசப் பாத்திரத்தை அவர்கள் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்தது.

"இது டைரக்டர் சேர்த்த சீன்தானே?" என்றாள் தாரிணி.

"எனக்கே ஞாபகமில்லை."

அசல் பதிவை வாங்கிப் பார்த்தாள். அதிலும் அந்தக் கை பாத்திரத்தைத் தள்ளியது. விவாகரத்து மனுவைக் கையெழுத்திடாமல் மடித்துப் பையில் வைத்தாள்.

"வாங்க, மிச்சத்தை வீட்ல பேசிக்கலாம். நல்லவேளை, நான் கத்துனதையும் அந்த ஆளு வெட்டிட்டாரு."

குமணனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.