கதவுக்குள் ஒரு நட்டு

"இந்தக் கதவுல ஒரு ஒடுக்கு விழ வைக்கணும்" என்றார் லொரெய்ன் நோவாக்.

டொலீடோவில் ரொம்ப வருஷமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒடுக்கு எடுக்கத்தான் ஆட்கள் வருவார்கள். விழ வைக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. அதுவும் இந்த வண்டியில். அறுபத்தொன்பதாம் வருஷத்து பாண்டியாக் ஜி.டி.ஓ. யாரோ பார்த்துப் பார்த்துப் புதுப்பித்திருந்தார்கள். அந்தச் சிவப்பில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

"ஒடுக்கு எடுக்கணும்னுதானே சொல்றீங்க?"

"சத்தமாப் பேசு டேல், எனக்குக் காது மந்தம். எடுக்க இல்ல. விழ வைக்கணும்."

ஒடுக்கோடு நிற்கவில்லை. ஓட்டுகிற சீட்டில் ஒரு கிழிசல் வேண்டுமாம். ஸ்டியரிங்கில் ஒரு விரிசல். பின்சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் துரு.

எனக்குத் தலை சுற்றியது. புருஷன் மேல் கோபமா, விவாகரத்தா? அல்லது வேறு விஷயமா? யார் கையும் படாத பழைய வண்டிக்குத்தான் இப்போது மவுசு. புதுப்பித்த வண்டிக்குத் துருவைப் பூசி, ஒரிஜினல் என்று தலையில் கட்டுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அந்தப் பித்தலாட்டத்துக்கு நான் ஆள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

விற்பதாக இல்லை என்றார்.

"அப்ப துரு என்ன நிறத்துல வேணும்? பழுப்பா, கறுப்பா?"

"நிறம் எப்படி இருந்தா என்னப்பா? தொட்டா சொரசொரன்னு இருக்கணும்."

இன்னும் குழம்பிப் போனேன். ஆனாலும் பொம்பளை விடுவதாக இல்லை. சுத்தியலை எடுத்தேன். நல்ல தகரத்தில் விழுந்த ஒவ்வொரு அடியும் என் வயிற்றில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு விரல் கீழ" என்றார். நான் கிழித்து வைத்த சீட்டையும் அப்படியே கண்ணை மூடித் தடவினார். பைத்தியம்தான் என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை வண்டியை நானே அவர் வீட்டுக்கு ஓட்டிப்போனேன். தெருமுனையிலேயே காத்திருந்தவர், நிறுத்தச் சொல்லி உள்ளே ஏறிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர் வெர்னுக்கு சர்க்கரை வியாதி. முதல்ல கண்ணைக் கொண்டுபோச்சு, அப்புறம் காலைக் கேட்டுது. கால் போனாப் போகுது, என் வண்டியை வித்துடாதேன்னார். அவரை ஆஸ்பத்திரியில படுக்க வச்சுட்டு வித்துட்டேன். யாரும் கை வைக்காத ஒரிஜினல், நான் கேட்டதுக்கு மேலயே குடுத்தாங்க."

"அப்ப இது?"

"அதே மாதிரி வேற வண்டி. என்ஜின் மாத்தினது, பெயின்ட் அடிச்சது, பாதி விலைக்குக் கிடைச்சுது. மிச்சத்துலதான் காலைக் காப்பாத்துற ஆபரேஷன். ஆபரேஷனுக்கு யூனியன் பணம் குடுத்ததுன்னும், வண்டி கார்புரேட்டர் பார்க்க உன்கிட்ட இருக்குன்னும் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். வண்டி போனது தெரிஞ்சா மனுஷன் அதோட படுத்துடுவார், டேல்."

பித்தலாட்டம் என்று சொன்ன என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெர்ன் வாசலிலேயே காத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கைத்தடி. இரண்டு கால்களிலும் நின்றார். வண்டிச் சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"கார்புரேட்டர் பார்க்க இத்தனை நாளா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே கதவைத் தடவினார். கை நேராக ஒடுக்கில் போய் நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"எங்க கல்யாணத்தன்னைக்கு இவ தம்பி சர்ச் சுவத்துல இடிச்சது. சரி பண்ண விட்டேனா? இந்தக் காலத்துப் பசங்க பழசைச் சுரண்டிட்டு, புது என்ஜின் போட்டு, பெயின்ட் அடிச்சு, அதையும் வண்டிங்கறாங்க. அஞ்சு சென்ட் பெறுமா அது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"காதைக் குடு தம்பி, இப்ப ஒண்ணு கேக்கப் போற. ஃபாக்டரியில எவனோ கதவுக்குள்ள ஒரு நட்டை மறந்து விட்டுட்டான். அன்னையிலேருந்து கதவைச் சாத்தினா கடகடன்னு உருளும். ஒருத்தனையும் பிரிக்க விட்டதில்ல. ஒரிஜினல்னா அதுதான்."

லொரெய்ன் முகம் வெளுத்துப்போயிற்று. நட்டை அவர் மறந்தே போயிருந்தார். அந்தச் சத்தம் காதில் விழுந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ.

வெர்ன் கதவைத் திறந்து சாத்தினார்.

மெத்தென்று சாத்திக்கொண்டது.

இன்னொரு தடவை சாத்தினார். காதைக் கதவோடு வைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை. பிறகு அசையாமல் நின்றார். கைத்தடியால் ஆபரேஷன் செய்த காலை மெல்லத் தட்டிப் பார்த்தார். லொரெய்ன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

வெர்ன் மனைவி இருந்த பக்கமாகத் திரும்பி, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கேட்டியா லொரெய்ன், என்னமா கடகடங்குது! ஒரிஜினல் ஒரிஜினல்தான்."

லொரெய்னுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"நட்டையும் போட்டுட்டியா டேல்? நான் சொல்லவே மறந்துட்டேனே. நீ நல்லா இருக்கணும்."

தலையை ஆட்டிவைத்தேன்.

நான் நட்டு எதுவும் போடவில்லை.