பதினோராவது டேக்

"நிறுத்துங்க, அப்படியே நிறுத்துங்க!" என்று பேராசிரியர் இளவழகன் கத்தியதும், திரையில் அந்த முதுகு நின்றது.

படத்தின் பாராட்டு விழாவுக்கு நிரம்பியிருந்த ராசிபுரம் கல்யாண மண்டபம் மூச்சு விடாமல் பார்த்தது.

இரண்டே நிமிடக் காட்சி. ஜவ்வரிசி ஆலை. தொண்ணூறு கிலோ மூட்டையோடு ஒருவன் பலகையில் ஏறி லாரிக்குப் போகிறான். பாதிப் பலகையில் முழங்கால் மடங்குகிறது. விழவில்லை, ஏறிவிடுகிறான். முகமே தெரியாது. முதுகு மட்டும்தான்.

இதை மூன்றாம் முறையாகப் போட்டிருந்தார்கள்.

"முகத்தால யார் வேணா நடிக்கலாம். சிவபிரகாஷ் முதுகெலும்பால நடிச்சிருக்கார். அந்த முழங்கால் மடங்குச்சே, அது ஒரு வர்க்கமே மடங்குனது!"

மேடையில் கதாநாயகன் சிவபிரகாஷ் கண்ணை மூடித் தலையாட்டினார். நான்கு மாதம் மூட்டையோடு வாழ்ந்ததாகச் சற்றுமுன் மைக்கில் சொல்லியிருந்தார். மூட்டை என்ன சொன்னது என்று தெரியவில்லை.

நாலாவது வரிசையில் இருந்த தெய்வநாயகிக்கு இதொன்றும் மண்டையில் ஏறவில்லை. படம் எடுத்தது அவள் புருஷன் செங்கோடன் லோடு ஏற்றிய ஆலையில். நடிகருக்கு மூட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று அவன் சொல்லியிருந்தான். அந்த மரியாதைக்குத்தான் அழைப்பு.

அவள் வந்தது வேறு காரியத்துக்கு.

பத்து மாதமாக அவன் இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். அந்தத் தரையை மூன்று தலைமுறைக்குத் திட்டி, அவளே கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்கினாள். ஆபரேஷன் செய்தால்தான் நிமிர்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டைரக்டர் தமிழரசு காலில் விழுந்தாவது உதவி கேட்டுவிடுவது என்று வந்திருந்தாள்.

"வேண்டாம் புள்ள, பெரிய மனுசங்க, சங்கடப்படுவாங்க" என்று பஸ் ஏறும்வரை தடுத்துப் பார்த்தான் செங்கோடன். இப்போது ஊன்றுகோலோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

திரையில் முதுகு இன்னும் பனை உயரத்துக்கு நின்றது. இடது தோளுக்குக் கீழே புளியங்கொட்டை அளவு மச்சம். அதை ஒட்டி ஒரு பழைய தழும்பு.

தினமும் தைலம் தேய்க்கிற கைக்குத் தெரியாதா?

"மாமா, எத்தன தடவ தூக்குனீங்க?"

செங்கோடன் துண்டை இழுத்து இடது தோளை மூடிக்கொண்டான்.

பதில் மேடையிலிருந்து வந்தது. யாரோ கேட்டதற்கு டைரக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொத்தம் பதினோரு டேக். மூட்டையில தவிட்ட நெரப்பிக்கலாம்னாங்க, நான் ஒத்துக்கல. பத்து டேக்லயும் முழங்கால் மடங்குறது நடிப்பாவே தெரிஞ்சுது. பதினோராவதுலதான் உண்மை வந்துச்சு."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

கேள்வி கேட்பவர்களுக்கான மைக் வரிசை வரிசையாக வந்தது. தெய்வநாயகி எட்டிப் பிடுங்கினாள். பேராசிரியருக்குப் புல்லரித்துவிட்டது. "பேசுங்கம்மா! உழைக்கிறவங்க குரல்தான் இங்க கேக்கணும்!"

"மேல உக்காந்திருக்கற ஈரோ சாமி," என்றாள் அவள். "அந்தச் சட்டையக் கழட்டிட்டு ஒருக்காத் திரும்பி நில்லுங்க."