அறாத பாட்டு

தேவாரம் ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த சோளக்காட்டில் சடுகுடு நடக்கிறது. மலையின் நிழல் பாதிக் காட்டை மூடிவிட்டது. மீதியில் புழுதி மஞ்சளாக மிதக்கிறது. ஆட இறங்கும் சீனிச்சாமியின் தோளில் கை போட்டு, சங்கரலிங்கம் கஞ்சா பீடியை நீட்டுகிறான். சீனிச்சாமிக்கு அதை முதன்முதலில் பழக்கிவிட்ட கூட்டாளியும் அவன்தான். "ஏலே, ஒரே இழுப்பு இழுத்துட்டுப் போடா. பயமெல்லாம் பறந்துரும்." சுற்றி நிற்கும் சேக்காளிகள் சிரிக்கிறார்கள். "போன வருசம் இழுத்துட்டுத்தானடா போனேன். பாதிப் பாட்டுல மூச்சு அத்துப்போச்சு. எனக்கு வேணாம்," என்று சீனிச்சாமி அந்தக் கையை இறக்கிவிடுகிறான். அப்படியே நடுக்கோட்டைத் தாண்டுகிறான். "சடுகுடு சடுகுடு சடுகுடு..." எதிராளி ஒருவனைத் தொட்டுத் திரும்பும்போது மூன்று பேர் காலைக் கவ்வி அமுக்குகிறார்கள். முகம் மண்ணில் புதைகிறது, பாட்டு அறவில்லை. நெஞ்சுக்குள் இன்னும் காற்று இருக்கிறது, தோண்டத் தோண்ட இருக்கிறது. மூவரையும் இழுத்துக்கொண்டே ஊர்ந்து, விரல்நுனியால் நடுக்கோட்டைத் தொடுகிறான். விசில் பறக்கிறது. ஊரே எழுந்து கத்துகிறது. "ஜெயிச்சுட்டடா! போதும், நிறுத்துடா!" என்று சங்கரலிங்கமே ஓடிவந்து இரண்டு கையாலும் அவனைத் தூக்குகிறான். தோளுக்கு மேலே போன பிறகும் சீனிச்சாமி பாடிக்கொண்டிருக்கிறான்.