மீட்புக் கப்பல் வரும் ஆண்டு

விருது வாங்கிய விஞ்ஞானக் கதாசிரியர் கோதண்டபாணி, அந்த விருதுக்குப் பிறகு எழுதியது மொத்தம் இரண்டு எண்கள். விருது நாவலில் மாதங்கி என்ற பெண் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொள்வாள். கடைசிப் பக்கத்தில், 1999-இல், மீட்புக் கப்பல் வரும். அந்த ஆண்டு தாண்டியதும் பதிப்பாளர் தனபாலன், "வருஷம் பழசாயிடுச்சு சார், தள்ளிப் போட்ருங்க" என்றார். இவர் 2012 என்று திருத்தினார். பிறகு 2025. நாவல் எப்போதும் எதிர்காலத்திலேயே இருந்ததால் இவரைத் தீர்க்கதரிசி என்றார்கள்.

அதுவும் தாண்டியது. எட்டாம் பதிப்புக்கு மெய்ப்புப் பார்த்த கயல்விழி, பதிப்பக அலுவலகத்தில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

"கப்பல் வர்ற வருஷத்த மட்டுந்தான் மாத்திருக்கீங்க சார். அவ மாட்டுனது இன்னும் தொண்ணூத்தெட்டுலதான் இருக்கு. அவகிட்ட ஒரு வருஷத்துக்குத்தானே ஆக்ஸிஜன்?"

தனபாலன் சிரித்தார். "இதையெல்லாம் யாரும்மா பாக்கப்போறாங்க? 2060-ன்னு போடுங்க சார். உங்க காலம் வரைக்கும் தொல்லை இல்ல."

கோதண்டபாணியால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், பேனாவை மூடி மூடித் திறந்தார். இத்தனை வருடங்களாக மாதங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், அதுவும் இவர் சொல்லித்தான். மெய்ப்புத் தாளை இழுத்து, 2025-ஐ அடித்துவிட்டு, அன்றைய தேதியை எழுதினார்.

தனபாலன் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கா? பைண்டிங் முடிஞ்சு கடைக்குப் போகவே பத்து நாளாகும் சார்! வாங்குறவன் என்ன நெனப்பான்?"

"அவளக் கூட்டிட்டுக் கெளம்பியாச்சுன்னு நெனப்பான்."