பரண் ஏறாத சட்டி

சட்டி கீழேயே இருந்தது.

குளித்துவிட்டு வந்தவர், துண்டைத் தோளில் போட்டபடி சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அடுப்பு மேடைக்குக் கீழே, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், கவுச்சிச் சட்டி கவிழ்ந்து கிடந்தது.

புரட்டாசி பிறந்துவிட்டது. இந்நேரம் அது பரணில் இருக்க வேண்டும்.

மீனும் முட்டையும் கொதிக்கிற மண்சட்டி அது ஒன்றுதான் வீட்டில். ஆவணி முடிகிற அன்று அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மேலே ஏற்றிவிடுவாள் மனைவி. புரட்டாசி மாதம் பெருமாளுக்கு. வீட்டுக்காரர் முட்டை மொத்த வியாபாரி ஆயிற்றே என்று பெருமாளும் பார்ப்பதில்லை, அவளும் பார்ப்பதில்லை.

போன் அடித்தது. நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்து செங்கோட்டுவேல்.

“இந்த வாரத்துக்கு எவ்வளவுங்ணா ஏத்தறது?”

“அஞ்சு நிமிஷம் இரு தம்பி. சொல்றேன்.”

இதற்கு மற்ற வியாபாரிகள் படாத பாடு படுவார்கள். கடை கடையாக விசாரிப்பார்கள். போன வருஷத்து விற்பனையைப் புரட்டுவார்கள். ஒருத்தர் மருமகனை உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் கோடெல்லாம் போட்டுப் பார்த்தார்.

இவருக்கு அந்தத் தொல்லையே இல்லை.

சட்டி மேலே போனால் பாதி வண்டி. கீழே இறங்கினால் முழு வண்டி.

அவள் விரதம் என்றால் ஊரே விரதம். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் அவருடைய கணக்கு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம்தான் அது முதல்முறையாகக் காலை வாரியது. பாதி வண்டி பத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு முழு வண்டி சொல்லிவிடவும் முடியாது. வந்த முட்டையைப் பண்ணை திரும்ப எடுக்காது. இந்த வெயிலுக்கு அது காத்திருக்கவும் காத்திருக்காது.

மறுபடியும் சட்டியைப் பார்த்தார்.

கீழேதான் இருந்தது.

அதன்பிறகு நினைத்ததெல்லாம் சாட்சிக்கு வந்தது. நேற்று பரோட்டாக் கடையில் நிற்க இடமில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து கருவாட்டு வாசனை வந்ததே, அது எந்த மாதத்தில்? இந்த மாதத்தில்தான்.

இவளே மாறிவிட்டாள். ஊர் மாறாதா?

“முழு வண்டி ஏத்து தம்பி.”

“புரட்டாசியிலயாங்ணா?”

“நீ ஏத்து. நான் பாத்துக்கிறேன்.”

போனை வைத்ததும் மனசு லேசாகிவிட்டது. நாக்கிலும் கொஞ்சம் ஊறியது. உள்ளே போய், புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் குழைவாகக் கேட்டார்.

“இன்னிக்கு முட்டைக் குழம்பா?”

கத்தி நின்றது.

“புரட்டாசியும் அதுவுமா என்ன பேச்சு பேசுறீங்க?”

அவர் சட்டியைக் காட்டினார்.

“அதை மேல வச்சுக் குடுங்கன்னு முந்தாநாள்லேர்ந்து சொல்றேன். காதுல விழுந்தாத்தானே? எனக்கு ஸ்டூல்ல ஏற முடியல. மூட்டு மடங்க மாட்டேங்குது.”

போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. முழு வண்டி.

பரணை நிமிர்ந்து பார்த்தார். நல்ல உயரம். அதற்குக் கீழே அந்தப் பழைய ஸ்டூல், ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தது. இதில் ஏறித்தான் வருஷா வருஷம் சட்டியை வைத்திருக்கிறாள், இறக்கியிருக்கிறாள். அவர் சட்டியைப் பார்த்திருக்கிறார். அவள் ஏறுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வெட்கமாக இருந்தது.

சட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். அது ஆடியது. அவள் புடலங்காயைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்து இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்தாள்.

“பாத்து, பாத்து. விழுந்து வைக்காதீங்க.”

சட்டி பரணில் உட்கார்ந்தது. அங்கேயே நின்றபடி, சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். மேலே போனால் பாதி, கீழே இருந்தால் முழுசு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என் சட்டிய வச்சா?”

பிறகு சிரித்தாள். முகத்தை ஸ்டூல் விளிம்பில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

இடுப்பில் செருகியிருந்த போன் மறுபடி அடித்தது.

“வண்டி வந்து நிக்குதுங்ணா. முழுசாவே ஏத்திரட்டுங்களா?”

அவர் ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவள் பக்கம் குனிந்து நீட்டினார்.

“நீயே சொல்லு.”

இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“முக்கா வண்டி ஏத்துங்க தம்பி. இப்பல்லாம் வீட்டுக்குள்ளதான் விரதம். வெளியில ஆளாளுக்குத் தின்னுட்டுத்தான் வராங்க.”

“சரிங்கக்கா.”

போன் அணைந்தது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டு, இறங்குவதற்கு ஒரு காலை எடுத்தார்.

“பஸ் ஸ்டாண்டு ஆம்லெட் கடைக்கு மட்டும் குறைச்சுடாதீங்க,” என்றாள் அவள், கீழே பார்த்தபடி. “புரட்டாசி பூரா உங்களுக்கு அங்கதானே டிபன்.”

எடுத்த கால் அந்தரத்திலேயே நின்றது. ஸ்டூல் ஆடியது.

அவள் பிடித்த பிடியை விடவில்லை.