அணைஞ்ச பச்சை லைட்டு

பிரதாப் எந்திரிச்சு முன்னுக்குப் போறப்பவே பூரணிக்கு வயிறு எரிஞ்சிச்சு.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டுப் பையன். வீட்டுலயே கம்ப்யூட்டர் வச்சிருக்கான். பூரணிக்கு அட்டன் டவுன்ல, துணிக்கடை மாடியில நடக்குற இந்த கிளாஸ்ல மட்டுந்தான் கீபோர்டத் தொட முடியும். அதுவும் டிக்கோயாவுலருந்து நடந்து வந்து.

இன்னைக்குக் கடைசி டெஸ்ட். ஜெயிக்கிற ஒருத்தருக்குத்தான் கொழும்புல வேலை. கெடைக்கலன்னா திங்கக்கெழம கூடையத் தூக்கிக்கிட்டு தேயிலக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகணும். அம்மா ஏற்கனவே இவ பேரக் குடுத்தாச்சு.

டெஸ்ட் இதுதான். கம்ப்யூட்டருக்குக் கட்டளை சொல்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதணும். அது எஸ்எஸ்எச்சுங்கிற ரகசிய லைன் வழியா கொழும்புல இருக்கிற மெஷினுக்குள்ள போயி, கேள்வி கேட்டு, அது சொல்ற பதில வாங்கியாந்து இங்க ஸ்கிரீன்ல காட்டணும்.

பூரணியோடது காட்டும். ஆனா ஆமை மாதிரி. முழுப் பதிலும் வந்து சேர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கும். பிரதாப்போடது தட்டுன ஒடனே கொட்டும்.

"என்ன பூரணி, ஒன்னோட கொழும்பு இன்னும் தூங்குதா?" நேத்து அவன் கேட்டப்ப கிளாஸே சிரிச்சுச்சு. ராத்திரி பூரா அந்தச் சிரிப்பு காதுலயே நின்னுச்சு.

எப்புடி அவனுக்கு மட்டும் அவ்ளோ வெரசா வருது?

அவ ஒக்காந்திருந்தது கடைசி மேசை. பக்கத்துச் செவுத்துல மோடம். கொழும்புக்குப் போற ஒரே வழி அதுல சொருகியிருந்த டெலிபோன் வயருதான்.

எல்லாருக்கும் கண்ணு முன்னுக்கு இருந்த ஸ்கிரீன்ல.

அவ கை பின்னால வயருக்குப் போச்சு. 'டக்'குன்னு ஒரு சத்தம். தகரத்து மேல கொட்டுன மழையில அது யாருக்கும் கேக்கல.

மோடத்துல பச்சை லைட்டு அணைஞ்சிருச்சு.

தெரிஞ்சா கிளாஸ விட்டே வெரட்டிருவாங்க. அப்பா தோல உரிச்சிருவாரு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டா.

பிரதாப் கீபோர்டத் தட்டுனான்.

ஒடனே கைதட்டு.

கண்ணத் தொறந்தா, ஸ்கிரீன் நெறைய எழுத்து. கொழும்பு மெஷினோட பேரு, அதுல எவ்ளோ எடம் மிச்சம் இருக்கு, எல்லாம் வரி வரியா, அழகா.

பூரணி மோடத்தத் திரும்பிப் பாத்தா. லைட்டு எரியல.

மறுபடியும் ஸ்கிரீன். மறுபடியும் மோடம்.

அந்த ஸ்கிரிப்ட் கொழும்புக்குப் போகவே இல்ல. என்னைக்கோ வந்த பதில உள்ளுக்கே எழுதி வச்சிருக்கான். தட்டுனா அதத்தான் கக்குது.

"சார்..."ன்னு வாயத் தொறந்தா. ஒனக்கு எப்புடித் தெரியும்னு அவரு திருப்பிக் கேட்டா, வயரப் புடுங்குனதையும் சொல்லணுமே.



"ஏன் பிள்ளை, நீர் மட்டும் கை தட்டேல்லை? பொறாமையோ?" கிளாஸ் எடுக்குற யாழ்ப்பாணத்து ஆரூரன் சார் சிரிச்சாரு. "சரி, எழும்பி வாரும். அடுத்தது நீர்தான்."

கிளாஸ் மொத்தமும் திரும்பி அவளப் பாத்துச்சு.

கொழும்புக்குப் போற வயர் இன்னும் அவ கைக்குள்ளதான் இருந்துச்சு.