ஸம்ஹாவின் பிளேன்

கற்பிட்டிக் காற்றாலையில் வேலை பழகிக்கொண்டே பொறியியல் பட்டம் படிக்கும் மகள் ஸம்ஹாவை, பெண் பார்க்க வந்தவர்களிடம் முஹ்ஸின் வானளாவப் புகழ்ந்தார்.

"முதலாம் வருஷந்தான். ஆனா மகள்ட பிளேன் வராம அங்க ஒரு இன்ஜினியரும் வேலை தொடங்க மாட்டார்!"

மாப்பிள்ளையின் வாப்பா லாபிர் பூரித்துப்போனார். "மாஷா அல்லாஹ்! அப்ப எங்கட புது வீட்டுக்கும் மருமகளே அறையெல்லாம் அளந்து பிளேன் கீறட்டும்."

"வாப்பா, அது வந்து..." என்று இழுத்தாள் ஸம்ஹா. வெட்கமென்று எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தாட்சிக்கு அவளுடைய மேலதிகாரிக்கே போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார் முஹ்ஸின்.

"சேர், மகள்ட பிளேன் எப்படி?"

"சொல்லி வேலையில்ல! அந்த இஞ்சி போட்ட பிளேன்டீயக் குடிச்சாத்தான் எங்களுக்குக் காத்தாடியில ஏறவே மனசு வரும். சீனிய மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."